தோணிரேவில் மைனஸ் நாற்பத்திரண்டு

அத்தியாயம் 6

தன்னிடம் வழக்கோடு வருகிறவர்களில் பாதிப்பேர் முழுப் பொய் சொல்வார்கள், மீதிப்பேர் பாதி உண்மை சொல்வார்கள். முப்பத்தாறு வருஷம் காக்கிச் சட்டை போட்டதில் பச்சைமுத்து கற்றுக்கொண்டது அவ்வளவுதான். எட்டாம் வகுப்பில் விட்ட படிப்புக்கு அதுவே அதிகம் என்பார். ஏட்டாக ஓய்வு பெற்ற பிறகு தனியாகத் துப்புத் துலக்கிக்கொண்டிருக்கிறார். தோணிரேவு தகவல் மையத்தில் எதிரே உட்கார்ந்திருந்த இளவரசி எந்தப் பாதி என்பது அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

மணி பன்னிரண்டு. நாலு மணிக்கு ஊர்க் கூட்டம். அதற்குள் அவள் மேல் தப்பில்லை என்று காட்டாவிட்டால் அவள் குடும்பத்தின் பாட்டை ஊர் பறித்துக்கொள்ளும்.

பாடு என்றால் முறை. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் கொழுத்து விழும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் வலை கட்டினால் மண்டை உடையும். அதனால் யாருக்கு எந்த நாள் என்று ஊரே சீட்டுப் போட்டு வைத்திருக்கிறது. முறை வந்த நாளில் போகாதவன் மூன்று வாரம் கரையில் உட்கார வேண்டியதுதான். பாடே இல்லாதவன் ஊரை விட்டுப் போய் மீஞ்சூர் ஃபாக்டரி கேட்டில் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

போன வியாழக்கிழமை சின்னதம்பியின் பாடு. விடியற்காலை ஐந்து மணிக்கு, தினமும் காற்று நிலவரம் படிக்கும் வேலையில் இருக்கும் இளவரசி மையத்து மைக்கில் சொன்னாள்: "காத்து கிழக்கால ஏழு நாட், மெதுவு." ஆறரை மணிக்கு வாடைக் காற்று முப்பத்தெட்டு நாட், அதாவது மணிக்கு எழுபது கிலோமீட்டர் வேகத்தில் பழவேற்காடு ஏரியைப் புரட்டியது. சின்னதம்பியின் படகு கவிழ்ந்தது. மறுநாள்தான் உடம்பு கிடைத்தது.

அதே படகில் போக வேண்டியவன் இளவரசியின் தம்பி மனோஜ். அவன் மட்டும் அன்றைக்கு வீட்டில் படுத்திருந்தான். ஊர் சந்தேகப்பட இது போதாதா?

"தம்பிக்கு வயித்து வலி சார்," என்றாள் இளவரசி.

"அன்னிக்கே எட்டு மணிக்கு பழவேற்காட்டுல பரோட்டா கடையில கண்டேன் அந்த வயித்து வலிய," என்றாள் பிலோமினா. "நாலாவது பரோட்டாவுக்கு சால்னா கேட்டுக்கினு இருந்துச்சு."

பிலோமினா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவள். பச்சைமுத்துவுக்கு வண்டியும் அவள்தான், உதவியாளும் அவள்தான். கேட்காமலே பேசுவதற்குத் தனிச் சம்பளம் கிடையாது.

"மாத்திரை போட்டதும் சரியாயிடுச்சுக்கா."

பச்சைமுத்து மேஜை மேல் கிடந்த தாளைத் தன் பக்கம் இழுத்தார். வியாழக்கிழமைத் தாள். கம்ப்யூட்டரிலிருந்து தினம் காலையில் வருவது.

"நீ படிச்சது இதுதானா?"

"இதேதான் சார். ஒரு எழுத்து கூட்டல, குறைக்கல."

தாளின் இடது ஓரத்தில் ஏணி மாதிரி ஓர் அளவு. கீழ்ப்படியில் 10. அதற்கு மேல் 20, 50, 100 என்று ஏறிப்போய் உச்சியில் 1000. தலைப்பில் 'உயரம், மீட்டர்' என்று அச்சு. ஒவ்வொரு படிக்கும் எதிரே காற்றின் திசை, வேகம், வெப்பம். கீழ்ப்படியில் கிழக்கு, 7 நாட். அந்த வரியின் மேலேயே நீல மையில் ஒரு கட்டைவிரல் ரேகை. பாதி ரேகைக்குள்ளும் பாதி வெளியிலுமாக ஒரு பென்சில் வட்டம்.

"ரேகை யாருது?"

"சின்னதம்பி மாமாவுது. பாடு உள்ளவங்க கேட்டுட்டு ரேகை வைக்கணும். ஊர் போட்ட சட்டம்." அவள் சுவரைக் காட்டினாள். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு தீர்மானம் தொங்கியது.

"அடேங்கப்பா, காத்துக்குக்கூட ரேகை எடுக்கறீங்களா?" என்றாள் பிலோமினா. "ஏட்டய்யாவுக்கு பழைய ஞாபகம் வந்து கை துறுதுறுங்குது பாரு."

"எதுக்கு இந்தச் சட்டம்?"

இளவரசி விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "போன மாசம் ஒரு நாள் தாள்ல காத்து கம்மின்னுதான் இருந்துச்சு. வானம் எனக்கு சரியாப் படல. யாரும் போவாதீங்கன்னு நானா மைக்ல சொல்லிட்டேன். காத்து வரல. அன்னிக்கும் சின்னதம்பி மாமா பாடுதான். அவருக்கு முறை போச்சு. வாசல்ல வந்து நின்னு, நீ இன்னா மழைக் கடவுளான்னு கத்தினாரு. அப்புறம் ஊர் கூடி எழுதி வெச்சாங்க. தாள்ல இருக்கறத மட்டும் படிக்கணும். சொந்தமா ஒரு வார்த்தை பேசினா வேலையும் போவும், பாடும் போவும்."

"அந்தக் கோவத்துல நீ அவன அனுப்பி வெச்சேன்னுதான் ஊர் பேசுது," என்றார் பச்சைமுத்து.

"எனக்கு தெரியும் சார்."

"இந்த பென்சில் வட்டம்?"

"நான்தான் போட்டேன். அப்புறம்... சாவு ஆனப்புறம் எடுத்துப் பாத்து போட்டேன்."

வட்டத்துக்குள் இருந்தது வெப்பம். பச்சைமுத்து கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். மைனஸ் நாற்பத்திரண்டு.

"மைனஸ்னா?"

"ஐஸுக்கும் கீழ சார். ஐஸ விட நாப்பத்திரண்டு டிகிரி கீழ."

"எங்க? பத்து மீட்டர் உசரத்துலயா? தென்னமர உசரத்துலயா?"

"அப்ப ஐஸ் கம்பெனிக்காரன் கடைய மூடிக்கலாம்," என்றாள் பிலோமினா. "மீன கூடையில போட்டு மரத்துல கட்டி ஏத்திட்டா ஆச்சு."

பச்சைமுத்து எழுந்து பலகையில் குத்தியிருந்த இன்றைய தாளைப் பிய்த்து எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இன்றைய தாளில் ஏணி தலைகீழாக இருந்தது. 1000 கீழே. 10 உச்சியில். மீட்டர் என்ற சொல்லையே காணோம். அந்த இடத்தில் 'ஹெ.பா.' என்று ஏதோ.

"அவன் செத்தப்புறம் எவனோ ஏணிய திருப்பி வெச்சிருக்கான்," என்றார். "வண்டிய எடு பிலோமினா. மீஞ்சூர்."

தாள் அனுப்பும் நிறுவனத்தின் அலுவலகம் மீஞ்சூரில், ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடி. ஏ.சி. ஓடியது. லோகேஷ் என்ற இளைஞன் இருந்தான். கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் ஏற்கெனவே பதில் சொல்லி முடித்துவிட்ட அலுப்பு.

"எங்க டேட்டா கரெக்ட் சார்," என்றான், கேள்வி வருவதற்கு முன்பே. "அந்தப் பொண்ணு தப்பான வரிய படிச்சிடுச்சு. பாருங்க, 1000ன்ற வரியில முப்பத்தெட்டு நாட்னு அன்னிக்கே இருக்கு. வடகிழக்கு. தாள்ல இல்லாமலா போச்சு?"

பச்சைமுத்து தாளைப் பார்த்தார். இருந்தது. உச்சிப்படியில் முப்பத்தெட்டு நாட். இவ்வளவு தூரம் வந்தது வீண்தானோ என்று ஒரு கணம் தோன்றியது. போலீஸ்காரன் முகம், வெளியில் காட்டவில்லை.

"அப்ப அவ எந்த வரிய படிச்சிருக்கணும் தம்பி?"

"1000."

"நிச்சயமா?"

"நிச்சயமா சார். அதுதான் கடல் மட்டம்."

"இங்க உயரம் மீட்டர்னு போட்டிருக்கு. ஆயிரம் மீட்டர் உயரத்துல எந்தூர் கடல் இருக்குது?"

லோகேஷ் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தான்.

"சின்னதம்பி படகு ஓட்டினானா, ஏரோப்ளேன் ஓட்டினானா?" என்று பிலோமினா கேட்டாள். "கேட்டுச் சொல்லு தம்பி, மீனவர் சங்கத்துல எழுதிக்கணும்."

"அது மீட்டர் இல்ல," என்றான் லோகேஷ் மெதுவாக.

"வேற இன்னா?"

"காற்றழுத்தம். ஹெக்டோபாஸ்கல்."

"எங்க பங்கு சாமியார் பேருகூட பாஸ்கல்தான். அவரும் புரியாமத்தான் பேசுவாரு."

"நீ சும்மா இரு," என்றார் பச்சைமுத்து. "தம்பி, நான் எட்டாவது. அதுக்குத் தகுந்த மாதிரி சொல்லு."

லோகேஷ் சொன்னான். நம் தலைக்கு மேல் இருக்கும் காற்றுக்கும் கனம் உண்டு. தரையில் அந்தக் கனம் ஆயிரம். மேலே போகப்போகக் குறையும். பத்து என்றால் முப்பது கிலோமீட்டருக்கு மேலே, மேகமே இல்லாத இடம். அங்கேதான் மைனஸ் நாற்பத்திரண்டு. அங்கே அடித்த காற்றுதான் ஏழு நாட்.

ஏரியில் மூழ்கிக் கையால் நண்டு பிடிக்கிறவர்களை பச்சைமுத்து பார்த்திருக்கிறார். ஆழத்தில் காது அடைக்கும், மேலே வந்தால் விடும் என்பார்கள். விஷயம் அவ்வளவுதான். நாம் காற்றின் அடித்தரையில் கிடக்கும் நண்டுகள். அதைச் சொல்ல ஒரு ஏ.சி. அறையும் இவ்வளவு பெரிய வார்த்தையும்.

"மீட்டர்னு எப்படி அச்சாச்சு?"

"எங்களுக்கு டேட்டா வேற இடத்துலேர்ந்து வருது சார். எண்ணுக்குப் பக்கத்துல அலகு எழுதியிருக்கும். போன வாரம் திங்கக்கிழமையிலேர்ந்து அந்த இடம் காலியா வந்திருக்கு. அலகு இல்லன்னா சாஃப்ட்வேர் மீட்டர்னு எடுத்துக்கும். மீட்டர்னு எடுத்தா சின்ன நம்பர் கீழ, பெரிய நம்பர் மேல."

"மளிகைக் கடையில ரெண்டு குடுன்னு கேட்டா, கிலோவா கிராமான்னு கேப்பான். உன் மிஷின் கேக்காதா?"

"அது டிஃபால்ட் சார். அப்படித்தான் இருக்கும்."

"யார் வீட்டுப் புள்ளப்பா அந்த டிஃபால்ட்?" என்றாள் பிலோமினா. "பிடிச்சு ரெண்டு தட்டு தட்டலாம்."

"மூணு நாள் தலைகீழாவே போயிருக்கு," என்றார் பச்சைமுத்து.

"அந்த மூணு நாளும் மேலயும் காத்து இல்ல, கீழயும் இல்ல. யாரும் கவனிக்கல. தெரிஞ்சதும் சரி பண்ணிட்டோம்."

"எப்ப தெரிஞ்சுது?"

"வியாழன் மத்தியானம்."

"ஆள் முழுகி ஆறு மணி நேரம் கழிச்சு. அத ஊருக்கு சொன்னீங்களா?"

லோகேஷ் கழுத்து அட்டையைத் திருப்பிக்கொண்டிருந்தான். தப்பு நடந்தால் அலுவலகங்கள் எல்லாம் தாளைத் திருத்தும், வாயைத் திறக்காது என்பது பச்சைமுத்துவுக்குப் புதிதில்லை.

"அந்தத் திருத்தத்த பதிஞ்சு வெச்சிருப்பீங்க இல்ல? அதுல ஒரு பிரதி எடு. பிலோமினா, நீ போன்ல பிடிச்சதெல்லாம் சரியா விழுந்திருக்கா?"

"மூச்சுவிட்டதுகூட விழுந்திருக்குதுண்ணே."

லோகேஷின் முகம் வெளுத்தது. பிரிண்டர் ஒரு தாளைத் துப்பியது. அதை நீட்டும்போது அவன் குரலில் ஒரு வீம்பு ஏறியிருந்தது.

"எல்லாத்தையும் எங்க தலையிலயே போடாதீங்க. முதல் வரிய படிங்க சார்."

பச்சைமுத்து படித்தார். வியாழன், காலை 4.50. தோணிரேவு மையத்திலிருந்து அழைப்பு. கீழ் வரியில் வெப்பம் மைனஸ் 42 என்று இருப்பது சரியா எனக் கேள்வி. பதில்: அது உங்களுக்குத் தேவையில்லை, கீழ் வரியில் காற்றை மட்டும் படிக்கவும்.

நாலு ஐம்பது. மைக்கில் படித்தது ஐந்து மணிக்கு.

பிலோமினா எட்டிப் பார்த்தாள். போனை அணைத்தாள்.

திரும்பும் வழியெல்லாம் பச்சைமுத்து தாளையே புரட்டிக்கொண்டிருந்தார். பழவேற்காட்டுப் பாலத்துக்குப் பக்கத்தில் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். மூன்றே கால் வெயில் சாய்ந்து விழுந்தது. வியாழக்கிழமைத் தாளைக் கண்ணுக்கு நேராகப் படுக்கவைத்துப் பிடித்தார். பென்சில் கோடு வெயிலில் மினுங்கியது, வட்டத்தின் வெளிப்பாதி மட்டும். ரேகைக்குள் போன பாதி மினுங்கவில்லை. நீல மை அதை மூடியிருந்தது.

"பென்சில் மேல மை," என்றார். "முதல்ல வட்டம். அப்புறம்தான் விரல்."

"அப்ப வட்டம் போட்டப்ப சின்னதம்பி உசிரோட இருந்தான்."

"அந்த வட்டத்து மேலயே விரல வெச்சுட்டுப் போனான்."

தகவல் மையத்தில் இளவரசி தனியாக இருந்தாள். பச்சைமுத்து உட்காரவில்லை. பதிவுத் தாளை மேஜையில் வைத்து நாலு ஐம்பதை விரலால் காட்டினார். அவள் அதைப் படித்தாள். அழவில்லை.

"கேட்டேன் சார். நீ படி, யோசிக்காதன்ற மாதிரி சொல்லி போன வெச்சிட்டாங்க. தாள் பொய்யின்னு தோணுச்சு. எது நிஜம்னு தெரியல."

"தம்பிய மட்டும் நிறுத்திட்டே."

"வீட்டுக்கு போன் பண்ணி, படுத்துக்கோ, வயித்து வலின்னு சொல்லுன்னேன். வீட்டுல பேசறதுக்கு சட்டம் இல்லியே சார். மைக்குக்குத்தான் சட்டம். மாமாகிட்ட வாய் வரைக்கும் வந்துச்சு. மறுபடியும் அவர் முறைய கெடுத்து, மறுபடியும் காத்து வரலன்னா? அவரு விரல்ல மைய தடவிக்கினு, சீக்கிரம் படிடின்னாரு."

"எங்கிட்ட ஏன் மறைச்சே?"

"சொல்லியிருந்தா என் பக்கம் வந்திருப்பீங்களா?"

வந்திருக்க மாட்டார். அது அவருக்கே தெரியும். பதிவுத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

நாலு மணிக்கு மையத்து வாசலில் ஊர் கூடியது. தலைவர் வீரராகவன் நாற்காலியில். பெண்கள் ஓரமாக. முன்னால் தரையில் சின்னதம்பியின் மனைவி முனியம்மாள். ஐந்து நாளில் பத்து வயது கூடியவள் போல இருந்தாள்.

பச்சைமுத்து பேசினார். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். மைனஸ் நாற்பத்திரண்டைச் சொன்னதும் ஒருவர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். பிலோமினா போனை உயர்த்தி லோகேஷின் குரலை ஓடவிட்டாள். 'அது மீட்டர் இல்ல.' பத்துப்பேர் ஒரே நேரத்தில் திட்டினார்கள். நாலு ஐம்பது இருந்த தாள் மட்டும் பச்சைமுத்துவின் சட்டைப் பையிலேயே இருந்தது. பாதி உண்மை சொல்கிறவர்களை வாழ்க்கை முழுக்கத் திட்டியவர் அவர்.

வீரராகவன் முகம் தெளிந்தது. "அப்ப தப்பு மீஞ்சூர்க்காரன் மேல. நம்ம ஊர் மேல ஒண்ணும் இல்ல. அதானே பச்சமுத்து?"

"தாள் பொய். அவ அதத்தான் படிச்சா."

"சரி, பாடு இருக்கட்டும். கூட்டத்த..."

"அந்தத் தாள குடுங்க ஐயா," என்றாள் முனியம்மாள். "அவரு கடைசியா வெச்ச ரேகை. ஒரு தபா பாக்கறேன்."

மறுக்க முடியுமா? கொடுத்தார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ரேகையைப் பார்த்தாள். விரலால் தடவினாள்.

"இந்த வட்டம் இன்னா?"

"அது அப்புறம் போட்டதும்மா," என்றார் பச்சைமுத்து. குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

அவள் தடவிக்கொண்டே இருந்தாள். வெளிப்பாதி கறுப்பாக இழுபட்டு அவள் விரலில் ஒட்டியது. நீலத்துக்கு அடியில் இருந்த பாதி அசையவில்லை. விரலைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள்.

"அவரு விரலுக்கு அடியில கீதே, ஐயா."

இளவரசி எழுந்து நின்றாள்.

"மாமா வரதுக்கு முன்னாடி போட்டேன். சந்தேகம் இருந்துச்சு. போன் பண்ணி கேட்டேன், திட்டினாங்க. மனோஜ நான்தான் நிறுத்தினேன். அவனுக்கு வயித்து வலி இல்ல."

கூட்டம் கொதித்தது. ஒருத்தன் மனோஜின் சட்டையைப் பிடித்தான். வீரராகவன் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார். "பாடு போச்சு! இன்னியோட..."

பச்சைமுத்து உள்ளே போய்ச் சுவரிலிருந்த கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். நாற்காலி மேல் வைத்தார்.

"எனக்கு கண்ணு மங்கல் தலைவரே. கடைசி வரிய நீங்க படிங்க."

வீரராகவன் படிக்கவில்லை.

"நான் படிக்கறேன். 'சந்தேகம் என்றாலும் சொந்தமாக ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் பாடு போகும்.' பேசினாலும் போவும், பேசலன்னாலும் போவும்னா எதுக்கு இந்தச் சட்டம்? கீழ உங்க கையெழுத்து. அதுக்குக் கீழ இருபது பேரு." கடைசியில் ஒரு ரேகை இருந்தது. அவர் அதைக் காட்டவில்லை. முனியம்மாள் தானாகவே பார்த்தாள். கையில் இருந்த தாளையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரே கட்டைவிரல்.

வீரராகவன் துண்டை உதறித் தோளில் போட்டார். பாடு இருக்கும், அந்த வீட்டோடு யாரும் பேச்சு வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். எல்லாருக்கும் அது வசதியாக இருந்தது. கலைந்தார்கள்.

பச்சைமுத்து ஆட்டோவில் ஏறினார். ஜெயித்த வழக்கு. பிலோமினா சாவியைப் போட்டாள், முடுக்கவில்லை.

முனியம்மாள் எழுந்து வந்து இளவரசிக்கு எதிரே நின்றாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் பச்சைமுத்து நினைத்தார். அவள் அந்தத் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"தாள்ல இல்லாதத நீ பேச வேணாம்டி. சட்டம், சரி," என்றாள். "என் புருஷனுக்கும் ஒரு வயித்து வலி குடுத்திருக்கலாமேடி."